மூக்குப்பேணியும் பீரிசும்: கொழும்புத் தமிழர் தேநீர்க்கலங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஆசியத் தேநீர்க்கலங்களைச் சேகரிப்போரிடம் பேச்சுக் கொடுத்தால் திரும்பத் திரும்ப வருவன சிலவே: சீனத்து யீசிங் செம்மண் கேத்தில், மூடி போட்ட கைவான் கிண்ணம், யப்பானியச் சடங்குக் கிண்ணம், ஏற்றுமதிக்கென்று வனைந்த நீல வெள்ளைப் பீங்கான். தேயிலைக்குப் பேர்போன இலங்கை அந்த வரிசையில் இல்லை. இங்கே கலம் இல்லாமற்போனது இதற்குக் காரணமன்று. கலத்தைக் கவிழ்த்து அடியிலுள்ள முத்திரையைப் பார்த்து விலை சொல்லும் பழக்கமே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தமிழ் வீடுகளில் இன்னும் எஞ்சியிருக்கும் கலங்களைக் கையாண்ட தடங்கள், அவற்றுக்கு வழங்கிய சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு ஆராய்ந்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

முதலில் சொற்கள். நாம் குடிப்பது தேத்தண்ணி. ஆங்கிலத்தின் இன்றைய உச்சரிப்பு வழியாக அது வந்திருந்தால் 'டீ' என்றே நின்றிருக்கும். 'தே' என்ற நெடிலும் பல்லொலியும் சீனத்து ஃபூஜியன் கரைப் பேச்சிலிருந்து கடல்வழியாக ஒல்லாந்தர் கொண்டுசென்ற ஒலிப்புக்கே நெருக்கமானவை. கேத்திலும் ஒல்லாந்தச் சொல்லின் சாயலைக் காட்டுகிறது. கோப்பையின் கீழ்த்தட்டான பீரிஸ் போர்த்துக்கேயச் சொல். கிண்ணத்தைக் குறித்த பாரசீகச் சொல்லின் வழிவந்த பீங்கான், ஈழத்தில் சோறு போடும் தட்டுக்கும் பெயராயிற்று. ஒரு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வைப்பதற்குள் இந்துமாகடலின் வணிகம் முழுவதையும் நம் வாய் சொல்லிவிடுகிறது. உலோகக் குடிகலத்தைக் குறிக்கும் பேணி என்ற சொல் மட்டும் இந்தக் கூட்டத்திற் சேராமல் தனியே நிற்கிறது.

கலம் தேயிலைக்கு நெடுங்காலம் முன்பே வந்துவிட்டது. மாந்தையிலும், ஊர்காவற்றுறைக்கு அருகே அல்லைப்பிட்டியிலும் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழாய்வுகளில் சீனக் கலவோடுகள் கிடைத்தன. 1977இல் தோண்டிய அல்லைப்பிட்டி ஓடுகள் வட சொங் காலத்தவை. அந்தக் கிண்ணங்களில் இங்கே எவரும் தேநீர் குடித்ததற்குச் சான்றில்லை. இங்கே வணிகத் தேயிலைப் பயிர்ச்செய்கை தொடங்கியதே, தோட்டத்துரை ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட 1867இல்தான். ஆகவே தேநீருக்கென்று கலம் தேடவேண்டிய நிலை நம்மவருக்கு வந்தபோது, சீனத்துக் கிண்ணத்தைப் பற்றிய நினைவு எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. வீட்டில் இருந்தது பேணி.

வெள்ளவத்தை வீடொன்றில் நான் கையில் எடுத்துப் பார்த்த மூக்குப்பேணியை விவரிக்கிறேன். பித்தளை, உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கனம். விளிம்பின் ஒரு பக்கத்தில் குருவி அலகு போல மூக்கு நீள்கிறது. உள்ளே ஈயம் பூசியிருந்த தடம் அடிமட்டத்தில் மட்டும் சாம்பல் நிறமாக மிஞ்சியிருக்கிறது. மூக்கின் நுனியில் பல்லோ உதடோ பட்ட தேய்மானம் இல்லை. மூக்குக்கு எதிர்ப்புறம், பெருவிரல் அழுத்தும் இடத்தில்தான் பித்தளை வழுவழுப்பாகியிருக்கிறது. இதை அண்ணாந்து குடித்திருக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியைத் தொண்டைக்குள் ஊற்ற முடியாது. பித்தளையும் சூட்டைக் கைக்குக் கடத்திவிடும். ஆகவே பேணிக்கு வரும் தேத்தண்ணி செம்புக்கும் பேணிக்கும் இடையே இழுத்து ஆற்றியதாக இருந்தாக வேண்டும். தேத்தண்ணியின் சூட்டை இங்கே கலமே நிர்ணயித்திருக்கிறது. யீசிங் மண் தேநீரின் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், பித்தளை மூக்கு ஒரு சமூகத்தின் சுவையை வகுத்த விதத்தையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் எச்சில் படாமல் குடிப்பது வெறும் சுத்தம் பற்றிய விஷயமாக நின்றுவிடவில்லை. வீட்டாருக்கும் விருந்தினருக்கும் பேணி. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு முற்றத்தில் சிரட்டை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலும் இதே பாகுபாடு தனிக்கலமாகத் தொடர்ந்தது. 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியும் வழக்கம் மாறவில்லை. 1960களின் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களில் மனிதர்கள் அடிபட்டும் உயிரைக் கொடுத்தும்தான் எல்லாருக்கும் ஒரே குவளை என்ற உரிமை பெறப்பட்டது. பேணியின் அழகை மட்டும் பேசி இதைச் சொல்லாமல் விடும் சேகரிப்பு பொய்யானது. சிரட்டை எந்தக் கண்ணாடி அலுமாரியிலும் இல்லை. அதன் இன்மையையும் பதிவுசெய்தால்தான் பேணி முழுமையாகப் புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அரச உத்தியோகத்துக்காகக் கொழும்பு வந்த குடும்பங்களின் ரங்குப்பெட்டியில் பேணியும் வந்தது. இங்கே அதன் இடத்தைக் கோப்பையும் பீரிசும் பிடித்தன. பீங்கானைப் பொறுத்தவரை முத்திரை பயனற்றது என்று நான் சொல்லவரவில்லை. 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பான்' என்று பொறித்த கோப்பை 1947க்கும் 1952க்கும் இடைப்பட்டது. 1904இல் தொடங்கிய யப்பானிய நிறுவனமான நொரிட்டாக்கே 1972இல் மாத்தளையில் கூட்டுத்தொழிற்சாலை அமைத்தது. நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோனிலிருந்து ஸ்ரீ லங்காவுக்கு மாறியதும் அதே ஆண்டில்தான். எனவே அந்தப் புதுப்பெயர் தாங்கிய முத்திரையை அதற்கு முன் வைக்கவே முடியாது. 1984இல் தங்கொட்டுவப் பீங்கானும் சேர்ந்துகொண்டது. இவ்வளவையும் முத்திரை சொல்லும். அந்தக் கோப்பையில் யாராவது குடித்தார்களா என்று சொல்லாது. அதற்கு விளிம்பின் பொன்கோட்டைப் பார்க்க வேண்டும். நான் பார்த்த மாத்தளைத் தொகுதிகள் பலவற்றில் பொன்கோடு அழியவேயில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கென்று அலுமாரியிலிருந்து இறங்கி, கழுவித் துடைத்து மீண்டும் ஏறிய கோப்பைகள் அவை. பொன் தேய்ந்து, பீரிசின் குழியில் வட்டக் கீறல் விழுந்தவை சோடியிழந்த தனிக் கோப்பைகளே. விலை சொல்பவர் முழுத் தொகுதியைத் தேடுகிறார். ஆய்வாளருக்கு இந்தத் தனிக் கோப்பைதான் வேண்டும். 1983 யூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்த பிறகு, அதற்கு முந்திய முழுத் தொகுதி ஒன்றைக் காண்பதே எனக்கு அரிதாயிருக்கிறது. தொகுதி ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு அடிமுத்திரையில் விடை கிடையாது.

தண்ணீருக்கும் மோருக்கும் பயன்பட்ட பேணியைத் தேநீர்க்கலம் என்பது பொருந்துமா என்று கேட்கலாம். 16ஆம் நூற்றாண்டு யப்பானியத் தேநீர் அறிஞர் தலைமேல் வைத்துக் கொண்டாடிய 'இதோ' எனப்படும் கிண்ணங்கள், கொரியாவில் அன்றாடப் புழக்கத்துக்கு வனையப்பட்டவை என்றே நெடுங்காலமாகக் கருதப்படுகின்றன. அவற்றுள் கிசாயெமொன் என்ற ஒன்று கியோத்தோவின் தைத்தொக்கு-ஜி வளாகத்துக் கோயிலொன்றில் இன்று தேசியச் செல்வம். யப்பானியத் தேநீர் மரபு போற்றிய லூசோன் சாடிகளும் பிலிப்பைன்ஸ் வழியாக யப்பானுக்குப் போன தென்சீனச் சேமிப்புச் சாடிகளே. தேநீருக்கென்று பிறந்ததா என்பது ஒருபோதும் அளவுகோலாக இருந்ததில்லை. தேநீர் குடித்தவர்கள் அதை எப்படிக் கையில் ஏந்தினார்கள் என்பதே அளவுகோல். அந்த அளவுகோலைக் கியோத்தோவுக்கு ஏற்றுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு மறுப்பது நியாயமன்று.

வெள்ளவத்தையின் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள்; பேணி பழைய பித்தளையாக நிறுவைக்குப் போகிறது. 1942இல் தொடங்கி வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும், ஆவணப்படுத்தலில் ஈடுபட்டுள்ள நூலகம் நிறுவனமும், பல்கலைக்கழகத் துறைகளும் இக்கலங்களை அவற்றைப் பயன்படுத்தியவரின் வாய்மொழியோடு சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும். வாசகரிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பேணியைப் புளி போட்டு மினுக்குவதற்கு முன், அதை எந்தக் கையால் பிடித்தார்கள், யாருக்கு அதில் ஊற்றினார்கள், யாருக்கு ஊற்றவில்லை என்று வீட்டின் மூத்தவரிடம் கேட்டு எழுதிவையுங்கள்.