அண்ணன் வீட்டுக் கடற்கரையில் தாகூர்

ரிடையர் ஆனதும் கடலோரமாக ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரு ஈஸிச்சேர். மடியில் நோட்டுப் புத்தகம், பக்கத்தில் ஒரு டம்ளர் காபி, யாரும் கூப்பிடாத நீளமான பகல்... அப்புறம் பாருங்கள், நானும் எழுதித் தள்ளிவிடுவேன்!

எழுத்து ஆசை உள்ள யாரிடம் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். புனேயிலும் நொய்டாவிலும் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஆசை இன்னும் கொஞ்சம் தூக்கல். பகல் முழுக்க ஆபீஸில் ஆணி, ராத்திரி பிள்ளைகளின் ஹோம்வொர்க். நடுவில் எங்கே கதை எழுதுவது? ஒரே ஒரு மாசம் கடலோரம் போய் உட்கார்ந்தால் போதும், மனசுக்குள் கிடக்கிற ஊர் மொத்தமும் காகிதத்தில் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. இப்போது ‘ரைட்டர்ஸ் ரிட்ரீட்’ என்று பெயர் வைத்து இதற்கென்றே இடங்களும் வந்துவிட்டன.

இந்த நம்பிக்கையை உரசிப் பார்க்க வரலாற்றில் ஒரு நல்ல கேஸ் இருக்கிறது. ஆள் ரவீந்திரநாத் தாகூர். வருஷம் 1883. இடம் கார்வார்.

கோவாவைத் தாண்டித் தெற்கே வந்தால் கர்நாடகாவின் முதல் கடற்கரை ஊர் கார்வார். காளி நதி கடலில் கலக்கும் இடம். கைகா அணுமின் நிலையத்திலும் கடற்படைத் தளத்திலும் வேலை பார்ப்பவர்களுக்குப் பழக்கப்பட்ட பெயர். தாகூர் காலத்தில் அது பம்பாய் மாகாணத்தில் இருந்தது. அதற்கும் முன்னால்? நம்ம மெட்ராஸ் மாகாணம்! திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு கன்னடக் கடற்கரை மெட்ராஸோடு சேர்ந்தது. 1862-இல் வட கன்னடத்தை மட்டும் பிரித்து பம்பாய்க்குக் கொடுத்தார்கள். அந்தக் கைமாற்றம் நடக்காமல் போயிருந்தால் தாகூர் கார்வாருக்கு வந்திருக்கவே மாட்டார். காரணம், அவரை அங்கே இழுத்தது கடல் அல்ல. அண்ணனின் டிரான்ஸ்ஃபர்.

அண்ணன் சத்யேந்திரநாத் தாகூர். ரவீந்திரரைவிட 19 வயது மூத்தவர். 1863-இல் லண்டனில் ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். வங்காளத்துக்காரருக்கு வேலை கிடைத்தது பம்பாய் மாகாணத்தில். வீடு ஒரு மூலை, உத்தியோகம் இன்னொரு மூலை. நமக்கெல்லாம் முன்னோடி என்று தாராளமாகச் சொல்லலாம். ஊர் ஊராக மாற்றலாகி, 1883-இல் கார்வாரில் மாவட்ட நீதிபதியாக இருந்தார். அப்போது வந்து தங்கியவர்தான் 22 வயதுத் தம்பி. பெரிய பட்டம் எதுவும் கிடையாது. இங்கிலாந்துக்குப் போய்ப் படிப்பை முடிக்காமலே திரும்பியவர். கவிதை எழுதுவார், பாடுவார். நம் வீடுகளில் இப்படி ஒரு தம்பி இருந்தால் என்னென்ன பேச்சு வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பிறைபோல வளைந்த கடற்கரை, ஓரத்தில் சவுக்கு மரங்கள், பின்னால் மலை. பின்னாளில் தன் வாழ்க்கை நினைவுகளை எழுதும்போது தாகூர் இந்த இடத்தை அவ்வளவு ஆசையாக விவரிக்கிறார். (வங்காளியில் ‘ஜீவன்ஸ்ம்ருதி’. 1912-இல் புத்தகமாக வந்தது.) சரி, இத்தனை அழகான தனிமையில் உட்கார்ந்து மனிதர் என்ன எழுதினார்?

இங்கேதான் வேடிக்கை. கடலோரத் தனிமையில் அவர் எழுதியது தனிமைக்கு எதிரான ஒரு நாடகம்!

நாடகத்தின் பெயர் ‘ப்ரக்ருதிர் ப்ரதிசோத்’. இயற்கையின் பழிவாங்கல் என்று சொல்லலாம். கதை சின்னது. ஒரு சந்நியாசி குகையில் தவம் இருந்து, பாசம் பந்தம் எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார். வெளியே வருகிறார். தெருவில் ஜனங்கள் சந்தைக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், வம்பு பேசுகிறார்கள். எல்லாமே அவருக்கு அற்பமாகத் தெரிகிறது. அப்போது ஊரார் தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கிய ஓர் அநாதைப் பெண் அவரிடம் வந்து ஒட்டிக்கொள்கிறாள். அவருக்கும் பிடித்துப்போகிறது. பிடித்துப்போனதே பயமாகிவிடுகிறது. பட்ட தவமெல்லாம் வீணாகிவிடுமே என்று அவளை விட்டுவிட்டு ஓடுகிறார். ஓடிய இடத்தில் மனசு ஆறவில்லை. கடைசியில் தண்டத்தையும் கமண்டலத்தையும் வீசி எறிந்துவிட்டு அவளைத் தேடித் திரும்பி வருகிறார். வந்து பார்த்தால் அந்தப் பெண் இறந்துபோயிருக்கிறாள்.

பெரிய உண்மையைத் தேடி மனிதர்களை விட்டு விலகிப் போகாதே, அது இந்தச் சின்ன உறவுகளுக்குள்தான் இருக்கிறது என்பது நாடகத்தின் சாரம். தன் பிற்காலத்து எழுத்து முழுவதற்கும் இந்த நாடகத்தை ஒரு முன்னுரை மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று தாகூரே பிறகு சொல்லியிருக்கிறார். நாடகத்தின் சில பாட்டுகளை எங்கே எழுதினார் தெரியுமா? கார்வாரிலிருந்து திரும்பும் கப்பலில், மேல்தளத்தில் உட்கார்ந்து, பாடிக்கொண்டே எழுதினாராம். கடலோரத்தில் ஆரம்பித்ததை வீடு திரும்பும் வழியிலும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்.

அந்த நினைவுக் குறிப்புகளில் இன்னொரு சம்பவமும் வருகிறது. ஒரு நிலா ராத்திரி. சின்னப் படகில் காளி நதியில் மேலே போகிறார்கள். கரையில் இருக்கும் மலைக்கோட்டையைப் பார்க்கிறார்கள். ஒரு விவசாயி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, கொண்டுபோனதைச் சாப்பிடுகிறார்கள். திரும்பும்போது படகை ஓட்டத்தின் போக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். முகத்துவாரத்தில் இறங்கி, மணலில் நடந்தே வீட்டுக்கு வருகிறார்கள். நடு ராத்திரி. கடலில் அலைச்சத்தம் இல்லை, சவுக்கு மரங்களும் அசையவில்லை. தாகூர் தூங்கப் போகும் முன்பே ஒரு கவிதை எழுதி முடித்துவிடுகிறார்.

ரிட்ரீட் விளம்பரக்காரர்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திக்கொள்வார்கள். தாகூர் நிறுத்தவில்லை. சுமார் முப்பது வருஷம் கழித்து அந்த ராத்திரியை நினைத்து எழுதும்போது, உணர்ச்சி நிரம்பி வழியும் நேரத்தில் எழுதுவது நல்ல எழுத்தாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது என்கிறார். அனுபவத்துக்கு ரொம்பத் தூரத்தில் நின்றாலும் சரிப்படாது, ரொம்பப் பக்கத்தில் நின்றாலும் சரிப்படாது. கவிதைக்குச் சரியான நிறம் தீட்டும் தூரிகை ஞாபகம்தான் என்பது அவர் கட்சி.

ஞாபகம் என்ன செய்யும் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. 1878-இல் இதே அண்ணன் அகமதாபாத்தில் நீதிபதி. குடியிருப்பு சபர்மதிக் கரையில் ஷாஹிபாக் அரண்மனை. ஷாஜகான், பாதுஷா ஆகுமுன் குஜராத்தில் இருந்த நாளில் கட்டியது. அண்ணியும் குழந்தைகளும் அப்போது இங்கிலாந்தில். அண்ணன் கோர்ட்டுக்குப் போய்விடுவார். பதினேழு வயதுப் பையன் ஒருத்தன் அந்தப் பெரிய காலி வீட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த அரண்மனை ‘க்ஷுதித பாஷாண்’, அதாவது பசித்த கல் என்ற புகழ்பெற்ற கதையாக வெளிவந்தது 1895-இல். நடுவில் 17 வருஷம்! கதை வரும்போது அவர் அகமதாபாத்தில் இல்லை. அங்கே இருந்தபோது அந்தக் கதை வரவும் இல்லை.

நம் விஷயத்துக்கு இது ரொம்பப் பக்கத்தில் வருகிறது. தாமிரபரணியைப் பற்றி எழுத ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறோம். ஊரை விட்டு வந்ததால் எழுத முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். தாகூர் சொல்வதை எடுத்துக்கொண்டால், நாம் நிற்கிற தூரமே எழுதத் தோதான தூரம்.

ஒரு தடவை கோவா போனபோது குடும்பத்தோடு கார்வாருக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தோம். கடற்கரைக்கு இப்போது தாகூர் பெயர்தான். ஊருக்கும் மணலுக்கும் நடுவில் தேசிய நெடுஞ்சாலை, லாரிகள். மணலை ஒட்டி ஒரு போர்க்கப்பலை அருங்காட்சியகமாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நான் தங்கமணியிடம் 1883 கதையை அளந்துகொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அது சரி, அவர் எழுதிக்கிட்டிருந்தப்ப வீட்டைப் பாத்துக்கிட்டது யாரு?”

நியாயமான கேள்வி. சத்யேந்திரநாத்தின் மனைவி ஞானதானந்தினி தேவியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. பெரிய வீட்டுப் பெண்கள் வாசலைத் தாண்டாத காலத்தில், 1864-இல், கணவரோடு பம்பாய்க்குக் குடித்தனம் போனவர். வெளியே போகத் தோதாக, பம்பாய்ப் பார்சிப் பெண்களைப் பார்த்து ரவிக்கையோடு புடவை கட்டும் விதத்தை வங்காளத்துக்குக் கொண்டுபோனவர். 1878 கடைசியில் தாகூர் இங்கிலாந்து போனபோது அவருக்கு முதலில் சோறு போட்டதும் இந்த அண்ணி வீடுதான். பிரைட்டனில், அதுவும் கடலோரத்தில்! 1885-இல் ‘பாலக்’ என்று குழந்தைகளுக்கு ஒரு பத்திரிகை ஆரம்பித்து, கொழுந்தனாரை அதில் எழுத வைத்தவரும் இவர்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் காட்டுக்குள் மேக்டவல் என்று ஒரு ரிட்ரீட் உண்டு. 1907-இல் ஆரம்பித்தது. எழுதுகிறவர்களைத் தொந்தரவு செய்யாமல், மதியச் சாப்பாட்டை ஒரு கூடையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவது அங்கே பெயர் பெற்ற வழக்கம். அதை நிறுவிய இசையமைப்பாளர் எட்வர்ட் மேக்டவல் அடுத்த வருஷமே இறந்துவிட்டார். பல பத்து வருஷங்கள் நிதி திரட்டி, ஊர் ஊராகப் பியானோ வாசித்துச் சம்பாதித்து அதைக் காப்பாற்றியவர் மனைவி மரியன். ஆக, கடலோ காடோ, யாரோ ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் இன்னொருவர் எழுத முடிகிறது.

கார்வாரிலிருந்து திரும்பிய பிறகு தாகூருக்குத் தனிமை வாய்க்கவில்லை. 1883 டிசம்பரில் கல்யாணம். 1884 ஏப்ரலில், சின்ன வயசிலிருந்து அவர் எழுத்தைப் படித்து வளர்த்த இன்னொரு அண்ணி காதம்பரி தேவியின் சாவு. அப்புறம் குழந்தைகள், 1890-களில் குடும்ப எஸ்டேட் நிர்வாகம். வாடகை வசூல், கணக்கு வழக்கு, குடியானவர்களின் வழக்குகள். அந்த ஆணிகளுக்கு நடுவில்தான் அவருடைய சிறந்த சிறுகதைகள் பலவும் வந்தன. 1891-இல் வந்த ‘போஸ்ட்மாஸ்டர்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாக்காரர் ஒருவர் உத்தியோகம் நிமித்தம் ஒரு குக்கிராமத்துக்கு வருகிறார். அவருக்கு வேலை செய்துகொடுக்கும் அநாதைச் சிறுமி அவரிடம் ஒட்டிக்கொள்கிறாள். அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறார். அவள் அங்கேயே நிற்கிறாள். கார்வார் சந்நியாசியின் கதைதான் இது என்பது என் வாசிப்பு. குகை போய் தபால் ஆபீஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கடலோரத்தில் கிடைத்த விதை, எஸ்டேட் வேலைக்கு நடுவில் முளைத்து மரமானது.

அதனால் கடலோர வீட்டுக்காகக் காத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. போக முடிந்தால் போய்விட்டு வாருங்கள், நல்லதுதான். ஆனால் அதற்காக எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா அம்மா பேசிய தமிழ், தாத்தா வீட்டுத் திண்ணை, முதல் முதலாக வடக்கே ரயில் ஏறிய நாள்... இதெல்லாம் ரிடையர்மென்ட் வரை அப்படியே பத்திரமாக இருக்கும் என்று யார் சொன்னது? ஞாபகம் நல்ல தூரிகைதான். ஆனால் அதுவும் காய்ந்துபோகும். அம்மாவிடம் கேட்க வேண்டியதை இந்த ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம். ஊரிலிருந்து தம்பியோ மச்சினனோ அக்கா பையனோ வந்து, வேலை எதுவும் தேடாமல், பால்கனியில் உட்கார்ந்து கிறுக்கிக்கொண்டிருந்தால் உடனே ‘நாக்ரி’ தளத்தில் பயோடேட்டா ஏற்றச் சொல்லாதீர்கள். ஒரு மாசம் சோறு போடுங்கள். சத்யேந்திரநாத்தும் ஞானதானந்தினியும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் தட்டைக் கழுவி வைக்கச் சொல்லுங்கள். அது தங்கமணியின் நிபந்தனை, எனக்கும் சரி என்றுதான் படுகிறது.