ஆணுறை குற்றச் சான்று அன்று

1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி சோதித்தது. தொற்று உறுதியான ஆறு பெண்களும் பாலியல் தொழிலுக்காகக் கைதாகி மயிலாப்பூர்க் காப்பகத்தில் அடைபட்டிருந்தோர். அவர்களுக்குத் தொற்றைத் தந்த ஆண்களைத் தேடியவர் எவர்? பழி மட்டும் பெண்கள்மீது தங்கிற்று.

இப்பெண்களுள் சிலருக்கு மதுவும் மாத்திரையும் ஊசியும் வலியையும் அச்சத்தையும் மறக்கும் வழி. போதையில் ஆணுறையை வற்புறுத்தும் வலு குறைகிறது. பகிர்ந்த ஊசியோ எச்.ஐ.வி.யையும் கல்லீரல் அழற்சி பி, சி கிருமிகளையும் நேரே குருதியில் சேர்க்கிறது. பிறப்புறுப்புப் புண் இருப்பின் எச்.ஐ.வி. எளிதில் தொற்றும். மேகப்புண் பெனிசிலினால் குணமாகும் நோய்தான். ஆனால், மருத்துவமனைப் படியேற அஞ்சுபவருக்கு அம்மருந்து எட்டுவதில்லை. மணப்பாறை போன்ற முகமறிந்த சிறுநகரில் நம்பிக்கை மையத்தின் வாசலில் நிற்பதே ஒரு துணிச்சல். சாதி இழிவையும் சுமக்கும் தலித் பெண்ணுக்கு அது இருமடங்கு.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இன் 22-ஆம் பிரிவு, தொற்றைக் குறைக்க ஆணுறையோ தூய ஊசியோ வழங்குவது குற்றமாகாது என்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் உள்ளது. ஆணுறையைக் குற்றச் சான்றாகக் கொள்ளலாகாது என்று 2022 மே 19-இல் உச்ச நீதிமன்றமும் ஆணையிட்டது. களத்திற்குச் செல்லும் தோழர்கள் இவ்விரண்டின் தமிழ்ப் படிகளையும் கையில் வைத்திருக்க வேண்டுகிறோம்; சோதனை நடக்கும் இரவில் காவலரிடம் காட்ட அவை தேவைப்படும்.