கால்பந்தில் நிற மோதலும் மாற்றுச் சீருடையும்

ஒரே ஆட்டத்தில் எதிரெதிராக இறங்கும் இரண்டு கால்பந்து அணிகளின் சீருடைகள் பார்த்தவுடன் பிரித்தறிய முடியாதபடி ஒத்திருந்தால் அது நிற மோதல் எனப்படும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஓர் அணி தன் வழக்கமான நிறத்தை விட்டுவிட்டு அணிந்துகொள்ளும் இன்னொரு தொகுதி மாற்றுச் சீருடை. ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் முதல் தொகுதியை ஹோம் கிட் என்றும் இரண்டாவதை அவே கிட் என்றும் சொல்கிறார்கள். பெரிய கிளப்புகள் மூன்றாவதாகவும் ஒரு தொகுதி வைத்திருக்கின்றன.

சர்வதேச ஆட்ட விதிகளில் நான்காவது விதி ஆட்டக்காரரின் உடையைப் பற்றியது. இரு அணிகளின் நிறமும் ஒன்றிலிருந்து மற்றது வேறுபட வேண்டும். நடுவர்களின் உடையிலிருந்தும் வேறுபட வேண்டும். கோல்கீப்பரின் நிறம் மற்ற ஆட்டக்காரர்களோடும் நடுவர்களோடும் ஒத்துப்போகக் கூடாது. நிறத்தைப் பற்றி அது வகுக்கும் அடிப்படை இவ்வளவுதான். மோதல் வந்தால் எந்த அணி மாற்ற வேண்டும் என்பதை அந்த விதி சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பது போட்டியை நடத்தும் அமைப்பு. நிற மோதல் தொடர்பான தகராறுகள் பெரும்பாலும் எழுவது இந்த இடத்தில்தான்.

இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக் 1890-ல் முதலில் எடுத்த முடிவு எளிமையானது: இரண்டு கிளப்புகள் ஒரே மாதிரி நிறத்தைப் பதிவு செய்யக் கூடாது. கிளப்புகள் பெருகப் பெருக அது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. எல்லா அணியும் வேறு நிறத்தில் இரண்டாவது தொகுதி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று பிறகு விதி மாறியது. அப்போதெல்லாம் நிறத்தை மாற்ற வேண்டிய பொறுப்பு சொந்த மைதானத்தில் ஆடும் அணியுடையது. 1921-ல் அது தலைகீழானது. அன்று முதல் அங்கே வெளியூரிலிருந்து வரும் அணியே மாற்றுகிறது. இன்று உலகின் பல போட்டிகளில் இதுவே வழக்கம். இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பையில் மட்டும் நிறம் மோதினால் இரு அணிகளுமே மாற்ற வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நீடித்தது.

உள்ளூர் அணி, வெளியூர் அணி என்ற பிரிவே இல்லாத பொது மைதானத்தில் என்ன செய்வது என்பதற்கு இந்தியாவில் கிடைக்கும் தெளிவான எடுத்துக்காட்டு 2022-ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம். கேரளா பிளாஸ்டர்ஸின் நிறம் 2014-ல் தொடங்கியது முதலே மஞ்சள். 2019-ல் உருவான ஹைதராபாத் எஃப்சியின் நிறமும் அப்போது மஞ்சள். கொரோனா காரணமாக அந்தப் பருவம் முழுவதும் கோவாவிலேயே நடந்தது; ஆகவே ஹோம், அவே என்பதெல்லாம் காகிதத்தில் மட்டும் இருந்தது. மார்ச் 20 அன்று மட்கானின் ஃபட்டோர்டா அரங்கில் இரு அணிகளும் சந்தித்தபோது, லீக் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றிருந்த ஹைதராபாத் ஹோம் அணியாகக் கணக்கிடப்பட்டு மஞ்சளைத் தக்கவைத்துக்கொண்டது. நான்காம் இடத்தில் முடித்திருந்த பிளாஸ்டர்ஸ் கறுப்பு மாற்றுச் சீருடையில் இறங்கியது. கேரளத்திலிருந்து வந்த ரசிகர்களோ மஞ்சள் சட்டையோடுதான் அரங்கை நிறைத்தார்கள். கேலரியின் நிறம் எதிரணியின் முதுகில் இருந்தது. கே.பி. ராகுலின் கோலுக்கு சாஹில் தவோரா பதில் கோல் அடிக்க, 1–1 என்று முடிந்த ஆட்டத்தை ஹைதராபாத் பெனால்டியில் 3–1 என வென்றது. விதிப்படி நடந்ததில் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு கிளப்பின் நிறம் அதன் ரசிகர்களுக்கு எத்தனை நெருக்கமானது என்பதை அந்த மாலையைப் போல வேறெந்த இந்திய ஆட்டமும் காட்டியதில்லை.

சென்னையின் எஃப்சிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதன் நீலத்தோடு பெங்களூரு எஃப்சியின் நீலம் மோதுகிறது. மும்பை சிட்டியின் வெளிர் நீலமும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் தொல்லை தரக்கூடியது. கொல்கத்தாவில் மோகன் பகானின் பச்சை–மெரூன், ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு–பொன் மஞ்சள், முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு–வெள்ளை ஆகியவை நூறாண்டுப் பழக்கத்தில் தனித்தனியே நிலைத்துவிட்டன.

உலகக் கோப்பையின் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் அடிக்கடி நினைவுகூரப்படுகின்றன. 1958 இறுதியாட்டத்தில் பிரேசில், போட்டியை நடத்திய சுவீடன் இரண்டுக்குமே மஞ்சள். மாற்ற வேண்டியிருந்த பிரேசில், ஸ்டாக்ஹோமில் நீலச் சட்டைகளை வாங்கி, மஞ்சள் சட்டையிலிருந்த சின்னங்களைப் பிரித்து அவற்றில் தைத்துக்கொண்டது. நிறம் மாறியதில் கலங்கியிருந்த ஆட்டக்காரர்களிடம், நீலம் தங்கள் நாட்டின் காவல் தெய்வமான அப்பரேசிதா மாதாவின் அங்கி நிறம் என்று சொல்லித் தெம்பூட்டினார் அணித் தலைமைப் பொறுப்பாளர் பவுலோ மச்சாடோ டி கர்வாலோ. பிரேசில் 5–2 என வென்று முதல் கோப்பையைப் பெற்றது. 1978-ல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் பிரான்ஸ், ஹங்கேரி இரண்டுமே வெள்ளைச் சட்டையோடு வந்து சேர்ந்தன. உள்ளூர் கிளப்பான கிம்பர்லியிடம் பச்சை–வெள்ளைப் பட்டை போட்ட சட்டைகளை இரவல் வாங்கி பிரான்ஸ் ஆடியது. சிலரின் சட்டை எண் ஒன்றாகவும் கால்சட்டை எண் வேறாகவும் இருந்தன. ஆட்டமும் தாமதமாகவே தொடங்கியது.

பெயரளவில் வேறு நிறமாக இருந்தால் போதும் என்பது தவறான எண்ணம். கண்ணுக்குத் தேவை வெளிர், அடர் என்ற வேறுபாடு. கறுப்பு–வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்தில் சிவப்பும் அடர் பச்சையும் திரையில் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. ஒரு தொகுதி வெளிராகவும் மற்றது அடராகவும் இருக்க வேண்டும் என்று ஃபிஃபா கேட்பதற்கு அந்தக் காலமும் ஒரு காரணம். வண்ணத் திரை வந்த பிறகும் இந்தத் தேவை நீங்கவில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. 2018 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ரஷ்யா சிவப்பிலும் சவுதி அரேபியா பச்சையிலும் இறங்கியபோது, அந்தக் குறை உள்ளவர்களில் பலருக்கு யார் எந்த அணி என்றே பிடிபடவில்லை. பின்னணியோடு கலந்துபோகும் நிறமும் ஆபத்துதான். 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராகச் சாம்பல் நிறச் சட்டையில் ஆடிய மான்செஸ்டர் யுனைடெட், இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. கேலரிக் கூட்டத்தின் பின்னணியில் தங்கள் ஆட்களே கண்ணுக்குத் தெரியவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாம் பாதியில் இறங்கிய அணி 3–1 எனத் தோற்றது.

சட்டை மட்டும் வேறுபட்டால் போதாது. பந்து கோட்டைத் தாண்டும்போது கடைசியாகப் பட்டது யார் கால் என்பதைத் துணை நடுவர் காலுறையைப் பார்த்துத்தான் சொல்கிறார். மூன்று நான்கு கால்கள் ஒரே பந்துக்குப் பாயும் நெருக்கடியில் சட்டை அவர் பார்வைக்குள்ளேயே வராது. ஆகவே போட்டிக்கு முன் நடக்கும் கூட்டத்தில் இரு அணிகளின் சட்டை, கால்சட்டை, காலுறை, கோல்கீப்பர் உடை, நடுவர் உடை எல்லாவற்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்க்கிறார்கள். காலுறையின் மேல் ஒட்டும் டேப்பும் காலுறை நிறத்திலேயே இருக்க வேண்டும். உள்ளே போடும் பனியனின் நிறம் சட்டைக் கையின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும். கோல்கீப்பருக்குத் தனி நிறம் 1909-ல் கட்டாயமானது. முதலில் சிவப்பு அல்லது நீலம், 1912-ல் பச்சையும் சேர்ந்தது. அதன்பின் பல்லாண்டுகள் கோல்கீப்பர் என்றாலே பச்சைதான். இரு கோல்கீப்பர்களின் சட்டையும் ஒரே நிறமாக இருந்து, இருவரிடமும் வேறு சட்டை இல்லையென்றால், ஆட்டத்தை நடத்த நடுவருக்கு விதி அனுமதி தருகிறது.

உள்ளூர்ப் போட்டிகளில் நிலைமை வேறு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் ஒரு நாள், இரண்டு நாள் டோர்னமென்டுக்கு வரும் அணிகளிடம் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு செட் ஜெர்சிதான். எண்ணும் பெயரும் அச்சிட்ட பாலியெஸ்டர் ஜெர்சியை ஆளுக்கு ஒன்று வாங்குவதே அவர்களுக்குச் செலவு. மஞ்சளுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் செல்வாக்கு, அர்ஜென்டினாவின் வெளிர் நீலப் பட்டை மேல் உள்ள ஆசை இரண்டும் சேர்ந்து, முதல் சுற்றிலேயே ஒரே நிறம் இரண்டு முறை வந்து நிற்கும். பூவா தலையா போட்டுத் தோற்ற அணிக்குச் சட்டை மேல் மாட்டும் பிப் கொடுப்பதும், வெயிலில் வெளுத்த பழைய செட்டை இரவல் எடுப்பதும் இதற்குப் பழக்கமான வழிகள். பிப் போட்டால் முதுகு எண் மறைந்துவிடும். மஞ்சள் அட்டை யாருக்கு என்று குறித்துக்கொள்ள நடுவர் திணறுவார். எண் அச்சிட்ட பிப் ஒரு செட்டைப் போட்டி நடத்துபவர்களே கையில் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் தீரும். செம்மண் புழுதியில் வெள்ளையும் வெளிர் மஞ்சளும் இடைவேளைக்குள் ஒரே பழுப்பாகிவிடும் என்பதால், பிப்பின் நிறம் ஆரஞ்சு அல்லது அடர் நீலமாக இருப்பது நல்லது. பதிவு செய்யும்போதே அணிகளிடம் சட்டை நிறத்தோடு காலுறை நிறத்தையும் எழுதி வாங்கி, ஆட்ட அட்டவணையில் எந்த அணி மாற்ற வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவிடுவது செலவில்லாத ஏற்பாடு. லீக் போட்டிகளின் அலுவலர்கள் பருவம் தொடங்குமுன் செய்வதும் அதுவே.