ஒத்தைப் புரதத்திலிருந்து முழு ரைபோசோம் வரை

2009-ல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் அறிவித்த கையோடு, ‘நம்ம சிதம்பரத்துக்காரர்’ என்ற பேச்சு கிளம்பியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் எடுத்ததாகச் சொன்னவரும் உண்டு. நான் அங்கே படிக்கவே இல்லை, மூணு வயசுலயே ஊரை விட்டுப் போய்விட்டேன் என்று அவர் மறுக்க வேண்டியதாயிற்று.

ஊர்க்கணக்கு அவ்வளவுதான். கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்தார், பிறகு பரோடா. ஆனால் அந்தப் பிறப்போடு சேர்ந்த ஒரு தகவலை யாரும் பெரிசா எடுத்துப் பேசுவதில்லை. குழந்தை பிறந்தபோது அப்பா சி.வி.ராமகிருஷ்ணன் ஊரில் இல்லை. அமெரிக்காவின் மேடிசனில் டேவிட் கிரீன் என்ற நொதியியல் அறிஞரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தார். கிரீனின் ஆய்வகம் மைட்டோகாண்ட்ரியா ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். அறுபது ஆண்டு கழித்து மகனும் அதே மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் போய் நின்றார். அதற்கு நடுவில் நடந்ததுதான் இந்தக் கட்டுரை.

ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் எந்திரம். அதுவே ஆர்.என்.ஏ.வும் பல புரதங்களும் சேர்ந்து ஆனது. 1980-களில் முழு எந்திரத்தின் அமைப்பையும் அணு அணுவாகப் பார்க்க முடியவில்லை. அதனால் உதிரிபாகங்களைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஆனால் ஒவ்வொரு புரதத்தையும் ரைபோசோமிலிருந்து கெடாமல் பிரித்து, படிகம் வளர்க்கப் போதுமான அளவு சேர்ப்பது பெரும்பாடு.

இங்கேதான் மறுசேர்க்கைத் தொழில்நுட்பம் கைகொடுத்தது. வேண்டிய மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செருகிவிட்டால், அது பெருகப் பெருகப் புரதத்தையும் செய்து கொடுக்கும். மனித இன்சுலினை 1978-ல் இப்படித்தான் செய்தார்கள். புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த ராமகிருஷ்ணன், வெந்நீரைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோம் புரத மரபணுக்களை எடுத்து ஈ.கோலையில் உற்பத்தி செய்தார். ஸ்டீபன் ஒயிட்டுடன் சேர்ந்து 1992-ல் எஸ்5 என்ற புரதத்தின் அமைப்பை வெளியிட்டார். முழு எந்திரத்தில் அது ஒரு சின்னத் துண்டுதான். 2000-ல் கேம்பிரிட்ஜில் ரைபோசோமின் சிறிய பாதி முழுசாகத் தெரிந்தது. நோபல் அதற்குத்தான், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் இருவரோடும் பகிர்ந்துகொண்டார்.

அடுத்தது மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று தனி ரைபோசோம் உண்டு. மனித மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் 37 மரபணுக்கள்தான். அவற்றில் புரதத்துக்கானவை 13. அந்த 13-ஐ மட்டும் தயாரிக்கிற ரைபோசோமில் ஏறத்தாழ 80 புரதங்கள்! அத்தனைக்கும் மரபணு உட்கருவில் இருக்கிறது. வெளியே தயாராகி, ‘இது மைட்டோகாண்ட்ரியாவுக்கு’ என்று முகவரிச் சீட்டு ஒட்டிய மாதிரி முனையோடு உள்ளே போகின்றன. போனபின் பெரும்பாலும் அந்த முனை வெட்டப்பட்டுவிடும். பாக்டீரியா ரைபோசோமில் ஆர்.என்.ஏ. மூணில் ரெண்டு பங்கு. இதிலோ புரதம்தான் மூணில் ரெண்டு. மனித மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய பாதியை 2014-லும், முழு அமைப்பை 2015-லும் ராமகிருஷ்ணன் குழு கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் வெளியிட்டது. சூரிச்சில் நெனாத் பான் குழு பன்றியின் ரைபோசோமை அதே காலத்தில் பார்த்தது.

முழுப்படமே வந்தாச்சு, இனி தனிப் புரதம் எதுக்கு? ஒன்று, ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் கண்டுபிடிக்க எதிர்ப்பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கவும், சரியாக ஒட்டுகிறதா என்று சோதிக்கவும் சுத்தமான புரதம் வேண்டும். இரண்டு, எது எதோடு ஒட்டுகிறது என்று தனியாகப் பார்க்கலாம். அதனால்தான் இன்றும் மனித மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம் புரதங்கள், முகவரிச் சீட்டு நீக்கப்பட்டு, சின்னக் குப்பிகளில் ஆய்வகங்களுக்குப் போகின்றன. ஆராய்ச்சிக்கு மட்டும், மருந்துக்கு அல்ல. ஒரு எச்சரிக்கையும் உண்டு: ஆர்.என்.ஏ. துணையோடுதான் சில புரதங்களின் வால்பகுதி சரியாக மடியும். தனியாக இருக்கும்போது அதன் நடத்தையை அப்படியே நம்பிவிடக் கூடாது.

பழைய எஸ்5-க்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு உறவுக்காரர் இருக்கிறார்: எம்.ஆர்.பி.எஸ்.5. புழுக்களில் அதன் அளவைக் குறைத்தபோது ஆயுள் கூடியது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. உடனே மனிதனுக்கு ஆயுள் மருந்து வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மைட்டோகாண்ட்ரியா சொந்தமாகச் செய்யும் புரதத்துக்கும் உட்கரு அனுப்பும் புரதத்துக்கும் இடையிலான சமநிலை முக்கியம் என்பதே அதன் செய்தி.

நம்ம வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு. காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் சிலருக்குக் காது கேட்காமல் போனது. பாக்டீரியா ரைபோசோமைத் தாக்கத்தான் அந்த மருந்து. ஆனால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் 1555-ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால், மனிதனின் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமும் அந்த இடத்தில் பாக்டீரியாவுடையது போலவே ஆகிவிடும். மருந்து அங்கேயும் போய் ஒட்டும். 1993-ல் கண்டறியப்பட்ட இந்த மாற்றம் தாய்வழியாக வருவது. ஆகவே அம்மா வழிச் சொந்தத்தில் யாருக்காவது இந்த வகை ஊசிக்குப் பிறகு காது மந்தமானதா என்று விசாரித்து, மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது.