ஒட்டுப் போட்ட அச்சு

எங்க மாட்டுக் கொட்டகைச் சுவத்துல ஒரு இரும்புத் தண்டு சாத்தி வச்சிருக்கேன். ரெண்டு துண்டா இருக்கும். தோட்டத்துக்கு வர்ற பட்டணத்து நண்பர்கள் "இது என்னங்க, கடப்பாரையா?"ன்னு கேப்பாங்க. பழைய ஜீப்போட பின்சக்கர ஷாஃப்ட் அது. ஒருத்தர் காலை உடைச்ச இரும்பு. தூக்கிப் போட மனசு வரல.

அந்த வருசம் நேந்திரன் போட்டிருந்தேன். வரிசைக்கு வரிசை ஆறு அடி. பக்கக்கன்னும் முட்டுக்கழியும் போக, உள்ள நாலு அடிதான் வழி. ஒவ்வொரு தாரையும் தலைச்சுமையா வெளிய கொண்டுவரணும். ஆள் கெடைக்கல. கழிச்சுப் போட்ட ஒரு ஜீப்பை எடை போட்டு வாங்கி, மேல்கூடு எல்லாம் கழட்டிட்டு, பலகை அடிச்சு சின்ன வண்டி ஆக்கினேன். ஆனா ஜீப் அஞ்சு அடி அகலம். ஒரு அடி குறைச்சாத்தான் வாழைக்குள்ள போகும்.

பட்டறையில கேட்டேன். "அதுக்கென்னங்க, அறுத்து ஒட்டிருவோம்"னு சொன்னாங்க. ஹவுசிங் குழாயில ரெண்டு பக்கமும் ஆறு இஞ்ச் அறுத்து வெல்டிங் வச்சாங்க. உள்ள போற ரெண்டு ஷாஃப்டையும் அதே மாதிரி நடுவுல அறுத்து ஒட்டிட்டாங்க. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. எனக்கும் அதுல தப்பு தெரியல.

பதிமூணு நாள் ஓடுச்சு. பதினாலாம் நாள் வாய்க்கால் கரை ஏத்தத்துல, முழு பாரத்தோட, லோ கியர்ல ஏறும்போது 'டக்'குனு ஒரு சத்தம். என்ஜின் உறுமுது, வண்டி பின்னால போகுது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், நிக்கல. கால் பிரேக்குக்கு அப்ப நான் இன்னும் குழாயே மாட்டல. பின்னால நடந்து வந்த மச்சான், கல்லு வைக்கக் குனிஞ்சவரு, நகர முடியல. முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சிருச்சு. மூணு மாசம் படுக்கை. அந்தப் போகம் அவர் காட்டையும் நான்தான் ஓட்டினேன்.

ஹேண்ட் பிரேக் ஏன் பிடிக்கலன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அந்தக் கால ஜீப்புல அது சக்கரத்துல இருக்காது, கியர்பெட்டிக்குப் பின்னால இருக்கும். அங்க பிடிச்சா, ஷாஃப்ட் வழியாத்தான் சக்கரம் நிக்கணும். ஒரு பக்க ஷாஃப்ட் அறுந்தாலே டிஃப்ரன்ஷியல் சும்மா சுத்தும். இழுவையும் போச்சு, பிடிப்பும் போச்சு.

கோயமுத்தூர்ல லேத் வேலை பார்க்கிற எங்க அக்கா மகன் பார்க்க வந்தான். உடைஞ்ச துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "மாமா, அமெரிக்காவுல இந்த வேலையை அறுபது எழுபது வருசமா பண்றாங்க. ஆனா யாரும் ஷாஃப்டை நடுவுல ஒட்ட மாட்டாங்க"ன்னான். அன்னிக்கு ஆரம்பிச்சு அவன் சொன்னதையும், நான் தேடிப் படிச்சதையும் இங்க எழுதறேன்.

கலிஃபோர்னியாவுல இளவட்டப் பசங்க பழைய ஃபோர்டு கார்களைப் பிரிச்சு, காஞ்சுபோன ஏரிப் படுகைகள்ல வேகமா ஓட்டிப் பார்த்தாங்க. அதுக்குன்னு 1937லயே ஒரு சங்கம் வச்சாங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு பட்டாளத்துல இருந்து திரும்பினவங்களால அது இன்னும் பெருகுச்சு. 1951ல வாலி பார்க்ஸ்ங்கிறவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். கால் மைல் நேர்ரோடு, அதாவது சுமார் 400 மீட்டர். நின்ன இடத்துல இருந்து கிளம்பி யாரு முதல்ல போறாங்கன்னு போட்டி.

நின்ன இடத்துல இருந்து பாயணும்னா டயர் தரையைப் பிடிக்கணும். அதுக்கு அகலமான, மெத்துன்னு இருக்கிற டயர் வேணும். அந்த டயரை மாட்டினா காரோட உடம்பை விட்டு வெளிய துருத்தும். அப்ப சக்கரம் உள்ள போகணும், அச்சு குறுகணும். எனக்கு வாழை வரிசை, அவங்களுக்கு டயர். பிரச்சினை ஒண்ணுதான்.

இதுக்கு ரொம்ப வாகா வந்தது ஃபோர்டோட ஒன்பது இஞ்ச் அச்சு. கிரவுன் வீல் ஒன்பது இஞ்ச் குறுக்களவு, அதனால அந்தப் பேரு. 1957ல இருந்து 1986 வரைக்கும் ஃபோர்டு கார்லயும் பிக்கப்புலயும் வந்துச்சு. அதுல கிரவுன், பினியன் எல்லாம் ஒரே கட்டா முன்பக்கமா கழண்டு வந்துரும். மிஞ்சுறது வெறும் கூடும் ரெண்டு குழாயும். பல்சக்கரத்தைத் தொடாமலே குழாயை அறுக்கலாம். கலிஃபோர்னியாவுல கர்ரிங்கிற குடும்பம் 1959ல ஆரம்பிச்ச பட்டறை இந்த அச்சுக்கே பேர் போனது. அவங்க முதல்ல செஞ்சது ரேஸ் காருக்கு இல்லைங்க, தொழிற்சாலைக்குள்ள ஓடுற வண்டிகளுக்கு. அதைப் படிச்சப்ப, நம்மள மாதிரி சாமான் இழுக்கிறதுக்குத்தான் இந்த வேலையும் கிளம்பிருக்குன்னு ஒரு சந்தோசம்.

அவங்க அளக்குற வரிசைதான் முக்கியம். முதல்ல டயரையும் ரிம்மையும் அது நிக்க வேண்டிய இடத்துல நிறுத்தி, ரெண்டு ரிம்மும் போல்ட் ஆகுற முகத்துக்கு நடுவுல அளக்குறாங்க. அதுல பிரேக் டிரம் கனத்தையும், ஷாஃப்ட் முகம் வெளிய நீட்டுற அளவையும் ரெண்டு பக்கமும் கழிச்சா ஹவுசிங் அளவு கிடைக்கும். குழாயை அறுத்து ஒட்டும்போது, பேரிங் இருக்கிற இடம் எல்லாத்துலயும் வளையம் போட்டு நீளமான நேர்க்கம்பியைக் கோத்துருவாங்க. வெல்டிங் சூட்டுல குழாய் வளையும். கம்பி இறுகுச்சுன்னா வளைஞ்சிருச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். அதனால கொஞ்சம் கொஞ்சமா, பக்கம் மாத்தி மாத்தி ஒட்டுவாங்க.

ஷாஃப்டை அளக்குறது அதுக்கு அப்புறம்தான். கூடு ஒட்டி ஆறி, பல்சக்கரக் கட்டை உள்ள மாட்டின பிறகு ரெண்டு பக்கமும் தனித்தனியா அளக்கணும். ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கம் வெட்டக்கூடாது. ஒன்பது இஞ்ச் அச்சுல பினியன் நடுவுல இல்ல, தள்ளி இருக்கும். ஷாஃப்ட் நுனியில இருக்கிற பல் உள்சக்கரத்துல முழுசா உக்காரணும், ஆனா நடு ஊசியை முட்டக்கூடாது. நீளம் போனா முட்டும். குட்டையா போனா பாதிப் பல்லுல பாரம் நின்னு அறுத்துக்கும்.

குறைக்கிறது நுனியில. ஷாஃப்டை நுனியில வெட்டி, அங்க புதுசா பல் வெட்டுவாங்க. 31 பல் ஷாஃப்டுன்னா கனம் சுமார் 1.3 இஞ்ச். கம்பெனி ஷாஃப்ட் பலதும் நடுவுல ஒல்லியா இருக்கும். வெட்டுற இடம் ஒல்லியில விழுந்தா பல் வெட்ட சதை இருக்காது. அதை ஓரமா வச்சிட்டு வேற ஷாஃப்ட்தான் வாங்கணும்.

ஒட்டு ஏன் நிக்காது? ஷாஃப்டோட மேல்தோலைச் சூடேத்திக் குளிர வச்சுக் கடினமாக்கிருப்பாங்க. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துரும். ஒட்டுக்குப் பக்கத்துல ஒரு இடம் இளகும், ஒரு இடம் கண்ணாடி மாதிரி ஆகும். ஆனா திருகுற பாரம் குறையாது. அந்தக் கால வில்லிஸ் ஜீப்புல முதல் கியரும் லோ கியரும் போட்டா, என்ஜினோட திருகல் பின் அச்சுக்கு வரும்போது சுமார் 37 மடங்கு. வாய்க்கால் கரையில நான் போட்டது அந்த ரெண்டு கியரும்தான்.

விவசாயத்துக்கு இதைவிட நல்ல வழியும் அமெரிக்காவுலயே இருந்திருக்கு. 1934ல வந்த ஜான் டியர் 'ஏ' டிராக்டர்ல அச்சை நீளமா விட்டு, அது மேல பல் வெட்டிருந்தாங்க. பயிர் வரிசைக்குத் தக்கபடி சக்கரத்தை உள்ளயும் வெளியவும் தள்ளி இறுக்கிக்கலாம். அச்சை அறுக்கவே வேண்டாம்.

எங்க ஊர்ல வண்டி செய்யற ஆசாரி ஒருத்தர் இருந்தார். உடைஞ்ச அச்சைக் கொண்டுபோனா புதுசுதான் போடுவார், ஒட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்ல. இது தெரிஞ்சும் நான் வெல்டிங்கை நம்பினேன்.

அடுத்த வருசம் அக்கா மகன் கூட இருந்து அளந்தான். புது ஷாஃப்ட் ரெண்டு வாங்கி நுனியில பல் வெட்டினோம். கால் பிரேக்கும் மாட்டிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன். இன்னும் ஓடுது. மச்சான் லேசாத் தாங்கித்தான் நடக்கறார். கரை ஏத்தம் வந்தா மட்டும், "நீங்க போங்க மாமா, நான் மேல வந்து ஏறிக்கறேன்"னு தள்ளி நின்னுக்குவார். நானும் கூப்பிடறதில்ல.