பதக்கம் எந்த நாளில் வந்தது?



பீடோர் என்றதும் நம்மில் பலருக்குக் கொய்யாப்பழம்தான் நினைவுக்கு வரும். தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையில், பழைய பெருஞ்சாலையின் ஓரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூருக்குக் கிழக்கே பெரிய மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. ஜப்பான்காரன் காலத்தில், 1943-ஆம் ஆண்டின் இறுதியில், அந்த மலைக்காட்டில் பிளாந்தான் என்னும் இடத்தில் ஒரு மறைமுகாம் இருந்தது. அங்கே கூடியவர்களைப் பற்றியும், அவர்களுக்குப் பிற்காலத்தில் கிடைத்த சிறப்புகளைப் பற்றியும் இன்று பார்க்கப் போகிறோம். ஒரு பதக்கத்தைக் கண்டால் அது என்ன, யாருடையது என்று எல்லாரும் கேட்பார்கள். எப்போது வழங்கப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு வழுக்கலான கேள்வி என்பது விளங்கும்.

பிளாந்தானுக்கு வந்தவர்களுள் ஒருவர் ஜான் டேவிஸ். போருக்கு முன் மலாயாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். 1943 மே 24-இல் ஒரு டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, இரவோடு இரவாகப் பேராக் கரையில் இறங்கினார். அவர் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் இரகசிய அமைப்புக்கு 136-ஆம் படை என்று பெயர். அவருடைய தோழர் ரிச்சர்ட் புரூம், சிங்கப்பூர் வணிகர் லிம் போ செங், 1942 முதலே காட்டில் தங்கிவிட்ட ஸ்பென்சர் சாப்மன் ஆகியோரும் அங்கே இருந்தனர். எதிர்ப்புறத்தில் அமர்ந்தவர்கள் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், அதாவது பொதுவுடைமைக் கட்சியின் ஆட்கள். இரு சாராருக்கும் நடுவே தூது நடந்தவர் சித்தியவானில் பிறந்த ஓர் இளைஞர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவர்தான் சின் பெங். ஆயுதமும் பணமும் பயிற்சியும் பிரிட்டன் தரும், போர்க் காரியங்களில் நேச நாடுகளின் கட்டளைக்குக் காட்டுப்படை உட்படும் என்று அந்த மலையில் உடன்பாடு ஏற்பட்டது. போர் முடிந்தபின் நாடு யாருக்கு என்ற பேச்சை இரு தரப்பும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உடன்பாடே ஏற்பட்டிராது என்பது என் கருத்து.

1945 டிசம்பரில் அந்தக் காட்டுப்படை கலைக்கப்பட்டது. அடுத்த மாதம், 1946 ஜனவரி 6-ஆம் நாள், சிங்கப்பூர் நகர மண்டபத்தின் முன்னால் மவுண்ட்பேட்டன் பிரபு அதன் தலைவர்களுக்குப் பதக்கம் அணிவித்தார். அவர்களுள் சின் பெங்கும் ஒருவர். அன்று அவருக்கு ஓ.பி.இ. என்னும் உயர்விருது தரப்பட்டதாகச் சிலர் சொல்லக் கேட்கலாம். அப்படியன்று. அன்று அணிவிக்கப்பட்டவை 1939-45 நட்சத்திரமும் பர்மா நட்சத்திரமும். அவை போரில் பணியாற்றியவர்களுக்குப் பொதுவாக வழங்கப்படுபவை. ஓ.பி.இ. அவருக்குத் தனி வழியில் வந்தது. பின்னர் பிரிட்டனே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏன் என்பதற்கு விடை தேதியில் இருக்கிறது. 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. 1952-இல் இதே மனிதரின் தலைக்கு 2,50,000 வெள்ளி வரை விலை வைக்கப்பட்டிருந்தது. ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் முள்வேலியுமாக அந்தக் காலத்தை நம் தோட்டத்து மக்கள் எப்படிக் கழித்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பகைவனுக்கு வெள்ளைக்காரன் எதற்குப் பதக்கம் கொடுத்தான் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கொடுத்தது 1946-இல். பகை மூண்டது 1948-இல்.

பர்மா நட்சத்திரம் என்ற பெயரும் ஒரு பொறிதான். பர்மாவில் கால் வைக்காதவர்களுக்கும் அது கிடைத்தது. மலாயா மண்ணில் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை போரிட்ட படையினருக்குப் பசிபிக் நட்சத்திரம். பிப்ரவரி 16-க்குப் பிறகு இதே மண்ணில் பணியாற்றியவர்களுக்குப் பர்மா நட்சத்திரம். ஆகவே, 1942 புத்தாண்டை ஒட்டிக் கம்பாரில் ஜப்பானியரை நான்கு நாள் தடுத்து நிறுத்திய பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு நட்சத்திரம். அங்கிருந்து அதிக தூரமில்லாத பீடோர் மலையில் இரண்டு ஆண்டு கழித்து ஒளிந்திருந்தவர்களுக்கு இன்னொன்று. இடம் ஏறக்குறைய ஒன்றுதான். நாள் வேறு.

வீரச்செயலுக்கென்று தரப்படும் விருதுகளில் சிக்கல் இன்னும் கூடுதல். செயல் நடந்த நாள் ஒன்று. மேலதிகாரி பரிந்துரை எழுதிய நாள் ஒன்று. அரசிதழில் அறிவிப்பு வெளிவந்த நாள் ஒன்று. மன்னரோ அவருடைய பிரதிநிதியோ கையால் அணிவித்த நாள் ஒன்று. ஒரே பதக்கத்துக்கு ஒரு புத்தகத்தில் ஓர் ஆண்டும் மற்றொன்றில் வேறோர் ஆண்டும் இருந்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; ஆளுக்கொரு நாளைப் பிடித்திருக்கலாம். பாப்பானில் காயமுற்ற போராளிகளுக்கு மருத்துவம் செய்து, சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளான சிபில் கார்த்திகேசுவை நீங்கள் அறிவீர்கள். அவர் பட்ட பாடு போர்க்காலத்தில். ஜார்ஜ் பதக்கம் கிடைத்ததோ போர் முடிந்த பிறகு. 1948 ஜூன் 12-இல் அவர் மறைந்துவிட்டார். லிம் போ செங்கின் நிலை அதைவிட வேதனையானது. 1944 மார்ச்சில் கோப்பேங்கில் பிடிபட்டு, ஜூன் 29-இல் பத்து காஜா சிறையில் இறந்தார். 1946 ஜனவரி 13-இல், அதாவது சிங்கப்பூர்ப் பதக்க விழா நடந்து சரியாக ஒரு வாரத்தில், அதே நகரில் அவர் உடல் மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டது. சீனத் தேசிய அரசு அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி அளித்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

விருது கொடுப்பது வெளிநாடாக இருந்தால் ஐந்தாவதாக ஒரு நாளும் சேர்ந்துகொள்கிறது. கொடுத்தால் போதாது, பெறுபவரின் சொந்த அரசு அதை அணிய அனுமதிக்க வேண்டும். இதற்கு நம் நாட்டுப் பதக்கமே நல்ல சான்று. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1966 டிசம்பர் 31 வரை இங்கே பணியாற்றிய காமன்வெல்த் நாட்டுப் படையினருக்குப் பிங்காட் ஜாசா மலேசியா என்னும் பதக்கத்தை வழங்க மலேசிய அரசு முன்வந்தது. 2006 ஜனவரியில் பிரிட்டன் சொன்ன பதில் விசித்திரமானது: வாங்கிக்கொள்ளலாம், அணியக் கூடாது. ஐந்தாண்டுக்கு மேல் பழைய பணிக்கு வெளிநாட்டுப் பதக்கம் ஏற்பதில்லை, ஒரே பணிக்கு இரண்டு பதக்கமும் இல்லை என்பது அவர்கள் விதி. ஆஸ்திரேலிய வீரர்கள் அணிந்து நடக்க, பிரிட்டிஷ் வீரர்கள் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2011-இன் இறுதியில்தான் முழு அனுமதி வந்தது. பீடோர்க் காட்டில் 1958-இல் ரோந்து சென்ற ஓர் அதிகாரிக்கு இந்தப் பதக்கம் எப்போது கிடைத்தது என்று எழுதுவீர்கள்? பணி 1958, ஏற்பு 2006, அணிய உரிமை 2011. இதற்குள் எத்தனை பேர் கண்மூடியிருப்பார்கள்!

நம் வீடுகளுக்கு வருவோம். அவசரகாலத்தில் தோட்டங்களைக் காத்த சிறப்புப் போலீஸ்காரர்களை எஸ்.சி. என்பார்கள். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், தமிழர்களும் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு வட்டமான வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடைத்தது. ஊதா நிற நாடா, நடுவில் பச்சைக் கோடு, மேலே மலாயா என்று எழுதிய பட்டை. இது 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை நடந்த பணிக்கு உரியது. தாத்தாவின் பிஸ்கட் டின்னில் இப்படி ஒன்று கிடந்தால் பழைய சாமான்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். முகப்பைப் பாருங்கள். அரசியின் தலை இருந்தால் அது 1952-க்கு முன் அச்சாகியிருக்க முடியாது, ஏனெனில் அவர் பட்டத்துக்கு வந்ததே அந்த ஆண்டு பிப்ரவரியில்தான். மன்னர் ஜார்ஜின் தலை இருந்தால் தொடக்க காலத்தது என்று எண்ண இடமுண்டு.

வீரவிருது என்றால் லண்டன் கெஜட்டைத் தேட வேண்டும். இப்போது அதை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பரிந்துரைத் தாள்களில் பல லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பிற நாட்டாருக்குப் பிரிட்டன் தரும் கௌரவ விருதுகளை அந்த கெஜட் வழக்கமாக வெளியிடுவதில்லை. அங்கே பெயர் இல்லை என்பதால் விருதே இல்லை என்றாகாது. அப்போது கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும், அந்நாளைய செய்தித்தாள்களுக்கும்தான் போக வேண்டும்.

எஸ்.சி. பதக்கத்தில் வேறொரு வசதி உண்டு. அதன் விளிம்பை விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள். எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனியாண்டி என்பது வேறு ஏதோ ஆகியிருக்கும், அப்பா பெயர் பாதியில் நின்றிருக்கும். ஆகையால் முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, வீட்டில் மூத்த அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், அந்தக் காலத்தில் தாத்தாவைத் தோட்டத்தில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.