ஏக்கலவில் புறப்பட்ட அலை

கொழும்புக்கு வடக்கே ஏக்கல. இலங்கை வானொலியின் சிற்றலைகள் கிளம்பிய இடம். அங்கிருந்து 41 மீட்டர் அலை ஒன்று பாட்டைச் சுமந்துகொண்டு சிதம்பரத்துக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய நேர் வடக்கு; சுமார் 480 கிலோமீட்டர். ஆனால் அலை தரைவழியே அவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்காது. அது வானத்துக்கு ஏறித்தான் இறங்க வேண்டும்.

நடுப்பகல். சிலாபத்துக்கு மேலே 60 கிலோமீட்டர் உயரம் தாண்டியதுமே அலைக்குச் சோதனை தொடங்குகிறது. அங்கே வெயில் காற்றின் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப்போட்டு, மெல்லிய பிளாஸ்மாவாக்கி வைத்திருக்கிறது. அதை ‘டி’ அடுக்கு என்பார்கள். அலை வந்ததும் எலக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு ஆடுகின்றன. ஆட மட்டும் செய்தால் கேடில்லை. வாங்கிய ஆற்றலை அலைக்கே திருப்பித் தந்துவிடும். அந்த உயரத்திலோ காற்று இன்னும் அடர்த்தி. ஒவ்வொரு எலக்ட்ரானும் நொடிக்குப் பல லட்சம் முறை மூலக்கூறுகளோடு மோதுகிறது. மோதியதும் தாளம் தப்புகிறது; அலை கொடுத்தது வெப்பமாகிவிடுகிறது. பாட்டின் ஒரு பகுதி சிலாபத்து வானத்தைக் கொஞ்சமே கொஞ்சம் சூடாக்குவதோடு முடிந்துபோகிறது. மத்திய அலையாக இருந்தால் பகலில் மிச்சமே இருக்காது. அதிர்வெண் இரட்டித்தால் இழப்பு ஏறத்தாழ நாலில் ஒன்றாகும் என்பதால்தான் சிற்றலை தப்பிக்கிறது.

மோதலே இல்லாமலும் பிளாஸ்மாவில் அலை தேயும். 1946இல் சோவியத் இயற்பியலாளர் லாண்டவ் கணக்குப் போட்டுக் காட்டியது அது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் கரை திரும்பும் படகு அலையின் வேகத்தை ஒட்டி வந்தால், அலை அதைத் தூக்கித் தள்ளிக்கொண்டு வருமே, அதுபோல அலையைவிடச் சற்றே மெதுவாக ஓடும் எலக்ட்ரான்கள் அதன் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். பிளாஸ்மாவுக்குள் எழும் மின்னலைகளுக்கு இது நேரும். நம் வானொலி அலையின் முகடுகளோ அங்கே ஒளியையும் விஞ்சிய வேகத்தில் நகர்கின்றன. எந்த எலக்ட்ரானாலும் கூட ஓட முடியாது. வானொலி அலைக்கு எதிரி மோதல் மட்டும்தான்.

மேலே 300 கிலோமீட்டரில் காற்று அற்பம், எலக்ட்ரான் ஏராளம். அங்கே மோதல் அபூர்வம். தலைமன்னாருக்கு அருகே, கடலுக்கு மேல், அலை வளைந்து கீழே திரும்புகிறது. ஆனால் நாகைப் பக்கத்து வானில் மறுபடி ‘டி’ அடுக்கைக் கடந்தாக வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டு சுங்கம். பகலில் சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தால், அதன் எக்ஸ் கதிர்கள் அந்த அடுக்கில் எலக்ட்ரான்களைப் பெருக்கி, சில நிமிடங்களில் சிற்றலையையே ஊமையாக்கிவிடும்.

பொழுது சாய்ந்ததும் கதை மாறுகிறது. வெயில் இல்லாததால் கீழடுக்கின் எலக்ட்ரான்கள் சீக்கிரமே அயனிகளோடும் மூலக்கூறுகளோடும் ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. மேலடுக்கு இரவிலும் நிலைக்கிறது. சுங்கச்சாவடி மூடிவிட்டது, பாலம் திறந்திருக்கிறது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின், பி. எச். அப்துல் ஹமீதின் குரல்களைத் தமிழகம் இரவில் தெளிவாகக் கேட்டதில் இந்த வானத்துக்கும் பங்குண்டு.

முழுப்பயணமும் நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்குக்குள் முடிகிறது. சிதம்பரத்தில் ஒரு ஓட்டுவீட்டு முற்றத்தில் இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பியை அலை தொடுகிறது. கம்பிக்குள்ளும் எலக்ட்ரான்கள் ஆடத் தொடங்குகின்றன. அந்த ஆட்டம் ரேடியோப் பெட்டிக்குள் இறங்கிப் பாட்டாகிறது.